சனிக்கிழமை லீவா, ஓ.டி. காசா: அடுத்த ஒப்பந்தத்தில் எதைக் கேட்பது?

போன மாதம் கேன்டீனில் எங்கள் லைன் ஆட்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி யூனியன் கேட்கலாமா? பதினோரு பேரும் கை தூக்கினார்கள். ஓ.டி., அதாவது நேரத்துக்கு மேல் செய்யும் வேலை, குறைந்தாலும் பரவாயில்லையா? பத்துக் கை கீழே போய்விட்டது. மேலேயே நின்ற ஒரு கை, மகளுக்குக் கல்யாணம் முடித்து வீட்டுக் கடனையும் அடைத்துவிட்ட பட்டன் ஹோல் அக்காவுடையது. "எனக்கென்ன, இனி முட்டிவலி மட்டும்தான் மிச்சம்" என்று சிரித்தார்.

அந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் எங்கள் கமிட்டி இரண்டு மாதமாக நிற்கிறது. மலேசியாவில் பினாங்கின் பிறை பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலை, பெயர் வேண்டாம். பத்தொன்பது வருஷமாக அங்கே சட்டைக்குக் காலர் வைக்கிறேன். ஐந்து வருஷமாக யூனியன் கிளைச் செயலாளர். யூனியனும் நிர்வாகமும் போட்ட இப்போதைய கூட்டு ஒப்பந்தம் இந்த வருஷத்தோடு முடிகிறது, அடுத்ததற்கான கோரிக்கைப் பட்டியலை மேலிடம் கேட்டிருக்கிறது. சம்பளம், போனஸ், மருத்துவச் செலவு எல்லாம் வழக்கம்போல் எழுதிவிடலாம். வேலை நேரம் என்ற வரியில் வந்துதான் பேனா நிற்கிறது.

கூட்டு ஒப்பந்தம் என்றால் சட்டப்படி குறைந்தது மூன்று வருஷம். தப்பானதைக் கேட்டு, அது கிடைத்தும் விட்டால், மூன்று வருஷம் அதோடுதான் குடித்தனம். அதனால் மேசையில் இருக்கும் யோசனைகள் ஒவ்வொன்றையும் என் சம்பளச் சீட்டில் வைத்துப் பார்த்தேன். அந்தக் கணக்கு மற்ற தொழிற்சாலைக்காரர்களுக்கும் உதவலாம்.

முதலில் என் சம்பளச் சீட்டு

2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் வாரத்துக்கு 45 மணி நேர வேலை. அதற்கு முன் 48. எங்கள் இடத்தில் அந்த மூன்று மணி நேரத்தைச் சனிக்கிழமையில் வெட்டினார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை எட்டெட்டு மணி, சனிக்கிழமை ஐந்து மணி. நல்ல மாற்றம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் லைன் முனையில் தொங்கும் வெள்ளைப் பலகையில் வாரத்துக்கு இத்தனை பீஸ் என்று எழுதியிருந்த எண் 2022 டிசம்பரில் இருந்தது எதுவோ, 2023 ஜனவரியிலும் அதுவேதான். யாரும் அழித்து எழுதவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி நேரம் "விருப்பம் உள்ளவர்கள் ஓ.டி." என்று ஆயிற்று. 48 மணி நேரம் மறுபடி வந்துவிட்டது, இந்தத் தடவை ஒன்றரை மடங்குச் சம்பளத்தோடு. யாரும் குறை சொல்லவில்லை. நானும்தான்.

அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் அதுதான். எங்கள் லைனில் பாதிப்பேர் அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கிறார்கள். வேலைச் சட்டத்தில் ஒரு நாள் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தை 26ஆல் வகுப்பது: 65 வெள்ளி 38 காசு. அதை ஒரு நாளின் வழக்கமான வேலை நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம்: 8 மணி நேரத்துக்கு 8 வெள்ளி 17 காசு. ஓ.டி. அதில் ஒன்றரை மடங்கு, 12 வெள்ளி 26 காசு.

இந்த வகுத்தலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓரிடத்தில் இது காலை வாரிவிடும்.

வேலைநாளில் தினம் இரண்டு மணி நேரம், சனிக்கிழமை மூன்று மணி நேரம் ஓ.டி. செய்தால் வாரத்துக்கு 13, மாதத்துக்குச் சுமார் 56 மணி நேரம். காசாக 687 வெள்ளி. மொத்தம் 2,387. வீட்டு வாடகை, மோட்டார் தவணை, பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் இந்த 2,387ஐ நம்பித்தான் ஓடுகின்றன. 1,700ஐ நம்பி அல்ல. அதனால்தான் பத்துக் கை இறங்கியது. பேராசை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் அந்த 687 வெள்ளியில் ஈ.பி.எப். என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பிடித்தம் இல்லை. ஓ.டி. காசுக்கு ஈ.பி.எப். பிடிக்க வேண்டியதில்லை என்பது சட்டம். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவுக்கு மட்டும் அது கணக்கில் வரும். அதே 687 வெள்ளி அடிப்படைச் சம்பளத்தில் இருந்தால் நம் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடுமாக மாதம் 165 வெள்ளி போல் கணக்கில் ஏறும். வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000. பத்தொன்பது வருஷம் ஓ.டி. செய்த நான் இதை உட்கார்ந்து கணக்குப் பார்த்த அன்று சரியாகத் தூங்கவில்லை.

நேரக் கணக்கும் ஒன்று இருக்கிறது, சம்பளச் சீட்டில் வராது. கம்பெனி பஸ் புக்கிட் மெர்தாஜத்தில் எங்கள் முனைக்கு ஆறரைக்கு வரும். ஓ.டி. முடிந்து அதே முனையில் இறங்கும்போது எட்டே கால். பதின்மூன்றே முக்கால் மணி நேரம் வீட்டில் இல்லை. என் அம்மா தோட்டத்தில் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போனவர், மத்தியானமே வீடு திரும்பிவிடுவார். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று என் வேலையைப் பெருமையாகச் சொல்லுவார். நான் திருத்தியதில்லை.

ஐந்து நாள், ஒன்பது மணி நேரம்

இது நிர்வாகமே காதில் போட்டுவிட்ட யோசனை. இளம் பெண்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சனிக்கிழமை ஐந்து மணி நேரத்தை மற்ற ஐந்து நாட்களுக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுவிட்டால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு. அதே 45 மணி நேரம். சட்டத்திலும் இடம் இருக்கிறது: இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வாரத்தில் ஒரு நாளில் நேரத்தைக் குறைத்தால், மற்ற நாட்களில் 9 மணி நேரம் வரை போகலாம்.

வகுத்தல் காலை வாருவது இங்கேதான். 65 வெள்ளி 38 காசை இனி 9ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 7 வெள்ளி 26 காசு, ஓ.டி. 10 வெள்ளி 90 காசு. சம்பளம் ஒரு காசு குறையவில்லை, வேலை நேரமும் மாறவில்லை, ஓ.டி. விலை மட்டும் மணிக்கு 1 வெள்ளி 36 காசு இறங்கிவிடுகிறது. மாதம் 56 மணி நேரத்துக்கு 76 வெள்ளி. இதை மேனேஜர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று நான் நம்பவும் இல்லை.

சரி, காசை விடுங்கள், ஒன்பதாவது மணி நேரத்தைப் பார்ப்போம். காலர் வேலை கண்ணும் விரல் நுனியும் சேர்ந்து செய்வது. முனை இரண்டும் ஒரே அளவில் திரும்ப வேண்டும். அரை மில்லிமீட்டர் தப்பினால் தரம் பார்க்கும் கியூ.சி. பெண் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிவிடுவாள். காலையில் என் பக்கத்து ரிப்பேர் கூடையின் அடி தெரியும். மாலை ஆறரைக்கு அதில் துணி குவிந்திருக்கும். போன வருஷம் என் ஆள்காட்டி விரல் நகத்தில் ஊசி இறங்கியது ஆறு நாற்பதுக்கு. மெஷினை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியை மேலே எடுக்க வேண்டும். பதற்றத்தில் கையை இழுத்தால் ஊசி உள்ளேயே முறிந்துவிடும். புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித் தருவதே அதுதான். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இரண்டு மணி ஓ.டி.யும் சேர்ந்தால் தினம் பதினொன்று. சட்டம் விதிக்கும் 12 மணி நேர உச்சவரம்புக்குள் அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

நாளை நீட்டி வாரத்தைச் சுருக்கும் வித்தை எங்கள் மேனேஜர் கண்டுபிடித்தது அல்ல. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியபோதும், வாரக் கணக்கு கூடவில்லை, நாலு நாளில் முடித்துக்கொள்ளலாம் என்றுதான் விளக்கம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள், கூட்டணிக் கட்சிகள் எல்லாம் எதிர்த்தபின் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். பினாங்கில் நாங்கள் அதை போனில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை லீவு எனக்கும் வேண்டும். இந்த வழியில் வேண்டாம்.

40 மணி நேரம், சம்பளம் குறையாமல்

மேடையில் பேச இதுதான் நன்றாக இருக்கும். பக்கத்து இந்தோனேசியாவில் வாரம் 40 மணி நேரம்தான் சட்டம், சிங்கப்பூரில் 44. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 40 மணி நேர வாரத்துக்கு உடன்படிக்கை கொண்டுவந்தது 1935இல். நாம் கேட்டால் என்ன?

கேட்கலாம். எட்டு மணி நேரமே சும்மா வரவில்லையே. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று எட்டு மணி நேர வேலை. அவர்களும் நூலையும் துணியையும் வைத்துப் பிழைத்த தமிழர்கள்தான். கோரிக்கை பெரியது என்பதற்காகக் கேட்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்குத் தயக்கம் வேறு இடத்தில். 45இல் செய்ததை 40இல் செய்ய வேண்டுமென்றால் மணிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு கூடுதலாகத் தைக்க வேண்டும். அது எங்கிருந்து வரும்? பாதி, வீணாகும் நேரத்திலிருந்து வரலாம். வெட்டிய துணிப் பண்டல் வராமல் உட்கார்ந்திருப்பது, நூல் கலர் மாற்றுவது, மெக்கானிக்குக்குக் காத்திருப்பது. ஒரு செவ்வாய்க்கிழமை காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் வெட்டி வராததால் எங்கள் லைன் முழுதும் ஒரு மணி பத்து நிமிஷம் கதை பேசிக்கொண்டிருந்தது. அன்று மாலையே ஷிப்மெண்ட் அவசரம் என்று ஓ.டி. கேட்டார்கள். இதை எழுதி வையுங்கள், பேச்சுவார்த்தை மேசையில் மிகவும் உதவும். ஆனால் மீதிப் பாதியை நம் தோள்பட்டையிலிருந்துதான் எடுப்பார்கள். பலகையில் உள்ள எண்ணைக் கீழே இறக்கும் வாசகம் ஒப்பந்தத்தில் இல்லாமல் மணி நேரத்தை மட்டும் குறைத்தால், 2023இல் நடந்ததுதான் திரும்ப நடக்கும்.

பீஸ் ரேட்டில், அதாவது தைக்கும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் முறையில், இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். நேரம் குறைந்தால் பீஸ் குறையும், பீஸ் குறைந்தால் காசு குறையும். 1,700க்குக் கீழே போக முடியாது என்று சட்டம் தாங்கும். அதற்கு மேல் கைவேகத்தால் சம்பாதித்ததை யாரும் தாங்க மாட்டார்கள். ஆகவே 40 மணி நேரம் கேட்பவர்கள் அதே வரியில் பீஸ் ரேட்டை 12.5 விழுக்காடு ஏற்றவும் கேட்டாக வேண்டும். நான் பார்த்த மாதிரிக் கோரிக்கை ஒன்றில் இது விட்டுப்போயிருந்தது.

இன்னொரு நுணுக்கம். ஐந்து நாள், எட்டு மணி நேரம் என்றால் சட்டத்தின் 26 வகுத்தல்படி ஓ.டி. விலை அதே 12 வெள்ளி 26 காசில் நிற்கும், ஏறாது. உண்மையான மணி நேரத்துக்கு வகுத்தால் கதை வேறு: 1,700ஐ 12ஆல் பெருக்கி, வருஷத்தின் 2,080 மணி நேரத்தால் வகுத்தால் 9 வெள்ளி 81 காசு, ஓ.டி. 14 வெள்ளி 71 காசு. சட்டத்தைவிட நல்ல கணக்கை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளத் தடையில்லை. ஓ.டி. விலை கூடினால்தான் முதலாளிக்கு ஓ.டி. கேட்கக் கை கூசும்.

ஜெர்மனியில் உலோகத் தொழிலாளர் சங்கமான ஐ.ஜி. மெட்டால் 1984இல் 35 மணி நேரம் கேட்டு ஏழு வாரம் போல வேலைநிறுத்தம் செய்தது. அப்போது கிடைத்தது 38.5. முழு 35 வந்து சேர்ந்தது 1995இல். அதற்குள் வேலை நேரத்தைத் தேவைக்கேற்ப வளைத்துக்கொள்ளும் உரிமையை முதலாளிகளும் வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய சங்கத்துக்கே பதினொரு வருஷம். எங்கள் கிளையின் சண்டை நிதியில் இருப்பதை வைத்து ஏழு நாள்கூட வெளியே நிற்க முடியாது. அப்புறம், ஆர்டர் வியட்நாமுக்குப் போய்விடும் என்று நிர்வாகம் சொல்வது பூச்சாண்டி மட்டும் அல்ல; சட்டைத் தையல் உண்மையிலேயே நாடுவிட்டு நாடு ஓடும் தொழில். பினாங்கில் பழைய ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த இடங்களில் இன்று என்ன இருக்கிறது என்று மாக் மண்டின் தொழிற்பேட்டைப் பக்கம் மோட்டாரில் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள்.

ஆள் ஆளாக மனுப் போடுவது

2023 முதல் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆபீசில் இருப்பவர்களுக்கு உதவும். லைனுக்கு உதவாது: காலர் வைப்பவள் நாலு மணிக்குப் போய்விட்டால் சட்டைக்குக் கை வைப்பவள் சும்மா உட்கார வேண்டியதுதான்.

ஓ.டி.க்கு வரம்பு, அடிப்படைக்கு ஏற்றம்

எனக்குப் பிடித்தது இது. கமிட்டியில் இன்னும் எல்லோருக்கும் பிடிக்கவில்லை.

மலேசியச் சட்டம் மாதத்துக்கு 104 மணி நேரம் வரை ஓ.டி.யை அனுமதிக்கிறது. வாரத்துக்கு 24. அதோடு 45ஐச் சேர்த்தால் 69 மணி நேரம், சட்டத்துக்கு உட்பட்டே! 45ஐ 42 ஆக்குவதா 40 ஆக்குவதா என்று நாம் அடித்துக்கொள்ளும்போது பக்கத்தில் இவ்வளவு பெரிய வாசல் திறந்து கிடக்கிறது. ஆடைத் தொழிலாளியின் வாரம் எவ்வளவு நீளம் என்பதை முடிவு செய்வது 45 என்ற எண் அல்ல, இந்த 104தான்.

எங்களுக்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. கேட் பக்கத்தில் பஞ்ச் கார்டு மெஷினுக்கு மேலே ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறது, எங்கள் சட்டைகளை வாங்கும் பையரின் நடத்தை விதிகள். மலாய், ஆங்கிலம், வங்காளம், நேப்பாளி நான்கிலும் இருக்கிறது. தமிழில் இல்லை, அது தனிச் சண்டை. இந்த மாதிரி விதிகள் பலவற்றுக்கு மூலம், பிரிட்டனில் உருவான எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ் அமைப்பின் அடிப்படை விதித் தொகுப்பு. அது ஓ.டி. சேர்த்து வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. மேலே போக வேண்டுமானால் அசாதாரணச் சூழ்நிலை இருக்க வேண்டும், நாட்டின் சட்டம் அனுமதிக்க வேண்டும், தொழிலாளர் சங்கத்தோடு சுதந்திரமாகப் பேசி முடித்த கூட்டு ஒப்பந்தமும் அனுமதிக்க வேண்டும். அதாவது அந்தக் கதவுக்குச் சாவிகளில் ஒன்று நம் கையில் இருக்கிறது. நம் ஒப்பந்தத்தில் "தேவைப்படும்போது சட்ட வரம்பு வரை ஓ.டி." என்று யாராவது எழுதியிருந்தால் சாவியை நாமே கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். எங்கள் பழைய ஒப்பந்தத்தைப் புரட்டினேன். இருக்கிறது, பதினேழாம் பக்கத்தில்.

2020லும் 2021லும் இந்த நாட்டுக் கையுறைத் தொழிற்சாலைகள் சிலவற்றின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்புப் புகாரில் நிறுத்திவைத்தது எல்லா முதலாளிகளுக்கும் ஞாபகம் இருக்கும். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்த கட்டாய உழைப்பின் 11 அடையாளங்களில் அளவுக்கு மீறிய ஓ.டி.யும் ஒன்று. ஓ.டி. வரம்பைப் பற்றிப் பேசினால் எங்கள் நிர்வாகம் 40 மணி நேரத்தைப் பற்றிப் பேசும்போது சிரிப்பது போலச் சிரிக்காது.

இப்போது காசு. ஓ.டி.யை மாதம் 56இலிருந்து 40க்குக் குறைத்தால் 196 வெள்ளி போகிறது. அடிப்படைச் சம்பளத்தை 1,900 ஆக்கினால் ஓ.டி. விலை 13 வெள்ளி 70 காசு ஆகும். 40 மணி நேரத்துக்கு 548, மொத்தம் 2,448. இப்போது வாங்கும் 2,387ஐவிட 61 வெள்ளி அதிகம், மாதத்தில் 16 மணி நேரம் மிச்சம், ஈ.பி.எப். 200 வெள்ளி கூடுதல் தொகைக்கு. முதலாளிக்கு ஆளுக்கு மாதம் ஏறக்குறைய 87 வெள்ளி செலவு, ஈ.பி.எப்.பும் சேர்த்து. பேச்சுவார்த்தையில் 200 கிடைக்காது, இழுப்பார்கள். இறங்கக் கூடாத எண் 152. அடிப்படை 1,852 ஆனால் 40 மணி நேர ஓ.டி.யோடு அதே 2,387 கைக்கு வரும். 152க்குக் கீழே வந்தால் நேரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். அதற்கு உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொள்ளவும் கூடாது.

இதோடு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை லீவு சேர்த்துக் கேட்கலாம் என்பது என் எண்ணம். ஒரு வாரம் 45, மறு வாரம் 40, சராசரி 42.5. நாளின் நீளம் எட்டு மணி நேரமாகவே இருப்பதால் ஓ.டி. விலையில் அடி விழாது. பீஸ் ரேட்டுக்காரர்களுக்கு 6 விழுக்காடு ஏற்றினால் ஈடாகிவிடும். மூன்று வருஷ ஒப்பந்தத்தின் கடைசி வருஷத்தில் எல்லாச் சனிக்கிழமையும் என்று படிப்படியாக எழுதலாம். முதலாளிக்கும் முன்கூட்டியே ஆர்டரைத் திட்டமிட முடியும். தைப்பூசத்துக்கு முந்தின நாள் பாதி லைன் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்துவிட்டுத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவதைவிட அது அவருக்கும் நல்லது.

இந்தத் திட்டத்தின் ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஹாஸ்டலில் இருக்கும் வங்காளதேச, நேப்பாளத் தம்பிகளுக்கு ஓ.டி. குறைவது இடி. ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய கடனை அவர்கள் மணி நேரக் கணக்கில்தான் அடைக்கிறார்கள். சனிக்கிழமை லீவு அவர்களுக்கு ஹாஸ்டல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாள். அவர்களும் யூனியனில் சேரலாம், வேலைச் சட்டம் அவர்களுக்கும் ஒன்றே. அவர்களைக் கேட்காமல் உள்ளூர்க்காரர்கள் மட்டும் முடிவு செய்தால் திட்டம் முதல் மாதத்திலேயே உடையும். நான் பேசிய ஒரு தம்பி சொன்னது: "அடிப்படை முதலில் ஏறட்டும் அக்கா, வரம்பு ஆறு மாதம் கழித்து வரட்டும்." நியாயமாகத்தான் பட்டது. வரிசையை அப்படியே மாற்றி எழுதியிருக்கிறேன்.

2024 செப்டம்பர் 15 முதல் சட்டம் மாறி, ஒரே இடத்தில் இன்னொரு யூனியன் வருவதும் சுலபமாகிவிட்டது. ஓ.டி.யைப் பிடுங்கிய யூனியன் என்று பேர் வாங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நாடு முழுக்கச் சட்டமாகவே வேண்டும் என்கிறவர்களுக்கு

தலைமைச் சங்கங்கள் நாடாளுமன்றத்தை நோக்கிப் பேசட்டும். நாங்களும் கையெழுத்துப் போடுவோம். கடைவீட்டு மாடியில் பத்து மெஷின் போட்டு எங்கள் கம்பெனிக்கே துண்டு வேலை செய்யும் இடங்களில் யூனியன் நுழைய முடியாது, சட்டம்தான் நுழைய முடியும். எங்கள் லைனில் நேரம் குறைந்தால் வேலை அந்த மாடிக்குப் போய்விடுமே என்ற பயத்துக்கும் அதுதான் மருந்து. ஆனால் 48ஐ 45 ஆக்கவே எவ்வளவு காலம் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். அதுவரை பதினேழாம் பக்கத்தில் அந்த வாசகம் கிடக்க வேண்டாம்.

கேட்கும் விதம்

இளசுகள் சிலர் வாட்ஸ்அப்பில் "இந்த வெள்ளி யாரும் ஓ.டி.க்கு நிற்காதீங்க" என்று அனுப்ப ஆரம்பித்திருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். தனி ஆளாக ஓ.டி. வேண்டாம் என்று சொல்வது வேறு. விபத்து, மெஷினில் அவசர வேலை போன்ற சில காரணங்களுக்கு மட்டும்தான் சட்டம் நேரத்தைத் தாண்டி வேலை செய்யச் சொல்ல விடுகிறது. ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கூட்டாகப் பேசிவைத்துக்கொண்டு வேலையைக் குறைத்தால், தொழில் உறவுச் சட்டம் வேலைநிறுத்தத்துக்குச் சொல்லும் பொருளில் அதையும் அடக்கி வாதாட இடமிருக்கிறது. வாக்கெடுப்பு இல்லாமல் நடந்த வேலைநிறுத்தம் என்று கடிதம் வந்தால், வேலை போகப்போவது மெசேஜ் அனுப்பிய பெண்ணுக்குத்தான்.

அதற்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பண்டலுக்குக் காத்திருந்த நேரம், மெஷின் நின்ற நேரம், ஓ.டி. கேட்ட நேரம். தேதி போட்டு எழுதுங்கள்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு யூனியன் அறையில் கூட்டம். கேள்வித்தாளைத் தமிழ், மலாய், வங்காளம், நேப்பாளி நான்கிலும் அடித்திருக்கிறோம். மூன்றே கேள்வி, பேர் எழுத வேண்டாம். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொருவருடைய 152 எவ்வளவு என்று அங்கேயே கணக்குப் போட்டுத் தருகிறேன். ஒன்பது மணி நேரத் திட்டத்துக்கு ஓட்டுப் போட நினைப்பவர்களும் வாருங்கள், கால்குலேட்டரை உங்கள் கையிலேயே கொடுக்கிறேன்.